45 பருவம், ஒரே கல்லூரி: ஆன்சன் டாரன்ஸ் விலகிட்டார், பேசலாம் வாங்க

கேரி_அப்பா
12 ஆகஸ்ட் 2024, காலை

நேத்து ஞாயித்துக்கிழமை மகளோட கிளப் அணி வாட்ஸ்அப் குழுவுல செய்தி வந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தோட பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர் ஆன்சன் டாரன்ஸ் ஓய்வு பெறுகிறார். பருவம் தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கு. நாங்க இருக்கிற கேரியிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற சாப்பல் ஹில் ஊர் பக்கம்தான். இந்த வட்டாரத்துல பந்து உதைக்கிற ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் அவர் பேர் தெரியும். மகள் சேதியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அவர் பிறந்தது நம்ம பம்பாயில், 1951 ஏப்ரல் 9. அப்பா எண்ணெய் நிறுவன அதிகாரி. அதனால கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்துன்னு ஊர் ஊராப் போய் வளர்ந்தவர். சாப்பல் ஹில்லில் மாணவராப் பந்து ஆடி, சட்டம் படிச்சிட்டிருந்த காலத்துல, 1977-ல் அதே கல்லூரியோட ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1979-ல் பெண்கள் அணி தொடங்கினப்ப அதையும் அவர்கிட்டயே கொடுத்தாங்க. 1988 வரைக்கும் ரெண்டு அணியும் அவர் தலையில். அதுக்கப்புறம் பெண்கள் அணி மட்டும்.

பெண்கள் அணியோட அவர் கணக்கு: 934 வெற்றி, 88 தோல்வி, 53 டிரா. என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளை நடத்துற அமைப்பு) கோப்பை 21. அதுக்கு முன்னாடி 1981-ல், அப்ப பெண்கள் கல்லூரிப் போட்டிகளை நடத்தின ஏஐஏடபிள்யூ அமைப்போட கோப்பை ஒண்ணு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுல இதுக்குப் பக்கத்துல வைக்க எனக்கு வேற ஒருத்தர் தோணலை. உங்களுக்கு என்ன தோணுது?

மைதானப்புழுதி
12 ஆகஸ்ட் 2024, மதியம்

மதிக்க வேண்டியவர்தான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த 21-ஐப் பிரிச்சுப் பார்க்கணும் சகோ. 1982-ல் என்சிஏஏ முதல் தடவை பெண்கள் போட்டி நடத்தினப்ப கலந்துக்கிட்டது மொத்தமே 12 அணி. இப்ப 64. ஆரம்ப வருஷங்கள்ல எதிர்த்து ஆடவே கல்லூரி அணிகள் விரல்விட்டு எண்ற அளவுதான். 1986-லிருந்து 1994 வரைக்கும் தொடர்ந்து 9 கோப்பை. சரி. 2012-க்கு அப்புறம் அவர் கையில் ஒண்ணு கூட இல்லையே? 2018, 2019, 2022-ன்னு மூணு ஃபைனல், மூணுமே தோல்வி. ஊர்ல முதல்ல கடை போட்டவருக்கு முதல்ல வியாபாரம் ஆகும். பக்கத்துல பத்துக் கடை வந்த பிறகு எப்படி விக்கிறார்னுதானே பார்க்கணும்?

பழைய_கோல்கீப்பர்
12 ஆகஸ்ட் 2024, இரவு

தம்பி சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

1972-இல் வந்த டைட்டில் 9 சட்டம்தான் அமெரிக்கக் கல்லூரிகளைப் பெண்களுக்கும் அணி வைக்கச் செய்தது. சட்டம் எல்லாக் கல்லூரிக்கும் பொது. சாப்பல் ஹில்லுக்கு மட்டும் எழுதித் தரவில்லை. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் இறங்கிவிட்டார்கள்.

ஆள் இல்லாத மைதானத்தில் ஜெயித்தார் என்றால், ஆண்கள் அணிக் கணக்கை என்ன சொல்வீர்கள்? 172 வெற்றி, 65 தோல்வி, 21 டிரா. 1987-இல் தேசிய அரையிறுதி. அங்கே போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை.

அடுத்து 1991. அவர் 1986-லிருந்து அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். முதல் பெண்கள் உலகக் கோப்பை சீனாவில் நடந்தது. அப்போது ஆட்டம் 80 நிமிடம்தான். அமெரிக்கா ஆறு ஆட்டம் ஆடி ஆறும் ஜெயித்தது. 25 கோல் போட்டு 5 வாங்கியது. நவம்பர் 30, குவாங்சோவில் ஃபைனல். நார்வேயை 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் மிஷல் ஏக்கர்ஸ். இரண்டாவது கோல் விழும்போது ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். அந்த அணியின் 18 பேரில் 9 பேர் சாப்பல் ஹில்லில் அவரிடம் ஆடியவர்கள். நார்வேயும் ஜெர்மனியும் அமெரிக்கக் கல்லூரிகள் அல்லவே.

பிறகு உலகப் புகழ் பெற்ற மியா ஹாமை 1987-இல் தேசிய அணியில் இறக்கியபோது அந்தப் பெண்ணுக்கு வயது 15. கிறிஸ்டின் லில்லிக்கு 16. பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பி இறக்கியவர். நானும் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவன் என்பதால் சொல்கிறேன், பதினைந்து வயதில் ஒருவர் நம்மை நம்பி நிறுத்தினால் அந்த நம்பிக்கை வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

மைதானப்புழுதி
13 ஆகஸ்ட் 2024

உலகக் கோப்பை விஷயம் ஒத்துக்கிறேன் ஐயா. ஆண்கள் அணிக் கணக்கு எனக்குத் தெரியாது, இப்பத்தான் கேள்விப்படுறேன்.

பிஇடி_டீச்சர்
13 ஆகஸ்ட் 2024

வணக்கம். நான் டெல்டா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைங்க கால்பந்து அணி வெச்சிருக்கேன், எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் 22 பேர். கோப்பை எத்தனைங்கிறதை விட எனக்கு ஒரு விஷயம் தெரியணும். அவர் தினமும் பிராக்டீஸ்ல என்னதான் செய்வார்? கேரி அண்ணா, உங்க பொண்ணுக்கு அங்க சொல்லித் தர்றவங்க யாராவது அவர்கிட்ட ஆடினவங்களா?

கேரி_அப்பா
14 ஆகஸ்ட் 2024

ஆமா டீச்சர். இந்தப் பக்கத்துல பயிற்சியாளர்கள்ல அவர்கிட்ட ஆடினவங்க, அவர் முகாமுக்குப் போனவங்கன்னு நிறைய பேர். அவங்க எல்லாரும் முதல்ல சொல்றது ஒரே விஷயம்: அங்க எல்லாத்துக்கும் கணக்கு உண்டு.

அதே கல்லூரியோட கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், மைக்கேல் ஜோர்டனுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவரோட பிராக்டீஸைப் போய்ப் பார்த்தப்ப, ஒவ்வொரு பயிற்சியிலயும் யார் ஜெயிச்சா, யார் தோத்தான்னு குறிச்சு வைக்கிறதைக் கவனிச்சாராம் டாரன்ஸ். அதைத் தன் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். போட்டிக் கொப்பரைன்னு அர்த்தம் வர்ற மாதிரி அதுக்கு ஒரு பேர். ஒத்தைக்கு ஒத்தை, தலையால முட்டுறது, ஓட்டம், கோல் அடிக்கிறது, நாலுக்கு நாலு ஆட்டம், எதையும் சும்மா ஆட விடமாட்டார். மாணவ உதவியாளர்கள் ஓரமா நின்னு எழுதுவாங்க. அப்புறம் ஒவ்வொரு பிரிவுலயும் முதல் ஆள்லேர்ந்து கடைசி ஆள் வரைக்கும் பேரை வரிசைப்படுத்திச் சுவத்துல ஒட்டிடுவாங்க. மியா ஹாமும் அந்தத் தாள்ல ஒரு பேர்தான்.

இதுக்கு என்ன அவசியம்னா, அவர் பெண் பிள்ளைங்ககிட்ட ஒண்ணு கவனிச்சார். பெரிய ஆட்டத்துல உயிரைக் கொடுத்து ஆடுற பிள்ளை, பிராக்டீஸ்ல தோழியோட மோதத் தயங்குவா. அவளை ஜெயிச்சுட்டா நட்பு போயிடுமோன்னு. அந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் கணக்கு. நீ உன் தோழியை விட்டுக்கொடுத்தா அவளும் வளரமாட்டா, நீயும் வளரமாட்டேங்கிறதை தினமும் பழக்கிறது.

ஆட்டத்துலயும் அப்படித்தான். பின்னாடி மூணே பேர், மிச்சப் பேர் மேல ஏறி பந்தைப் பிடுங்கணும். அமெரிக்கக் கல்லூரி விதியில வெளிய போன ஆள் திரும்ப உள்ள வரலாம். அதனால பெஞ்ச்ல இருக்கிறவங்களை அலை அலையா இறக்குவார். எதிரணி மூச்சு வாங்கும்போது இங்க புதுக் கால் ஓடும். 1986-லிருந்து 1990 வரைக்கும் 101 ஆட்டம் தோல்வியே இல்லாமப் போச்சு. கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 3-2-ன்னு நிறுத்திச்சு. உடனே எழுந்து அடுத்து 92 ஆட்டம் தொடர்ந்து வெற்றி. மியா ஹாம் அந்தச் சட்டையில ஆடின 95 ஆட்டத்துல அணி தோத்தது ஒண்ணே ஒண்ணு.

பிஇடி_டீச்சர்
2 செப்டம்பர் 2024

அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு அடுத்த திங்கக்கிழமையே ஆரம்பிச்சேன். நடந்ததை மறைக்காமச் சொல்றேன்.

ரெண்டு பதினொண்ணாவது பிள்ளைங்களை நோட்டும் பேனாவுமா உட்கார வெச்சேன். அஞ்சு பயிற்சி, அஞ்சுக்கும் கணக்கு. வெள்ளிக்கிழமை சார்ட் எழுதி விளையாட்டுச் சாமான் அறைக் கதவுல ஒட்டினேன். முதல் வாரம் மைதானமே வேற மாதிரி இருந்தது. எப்பவும் சிரிச்சுக்கிட்டே பந்தை விட்டுத் தர்ற பிள்ளைங்க முழங்கால் சிராய்ச்சாலும் எழுந்து ஓடினாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டாவது வாரம் ஒரு பிள்ளை வரலை. ஒன்பதாவது படிக்கிறவ, ஓட்டத்துல கொஞ்சம் மெதுவு. முதல் வாரம் அஞ்சு பட்டியல்லயும் கடைசிப் பேர் அவளுது. காலையில பிரேயருக்கு வரிசையில நிக்கும்போது வகுப்புல ஒருத்தி இருபத்திரண்டுன்னு அவளைக் கூப்பிட்டிருக்கா. அது எனக்குத் தெரியவே இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போறவங்க, மைதானத்துக்கு விடவே நான் மூணு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். இப்ப அவளே வரமாட்டேங்கிறா.

தப்பு என்னோடது. சார்ட்டைக் கழட்டிட்டேன். ஆனா மத்தப் பிள்ளைங்க வந்து ஏன் மிஸ் கழட்டினீங்கன்னு கேக்குறாங்க. என்ன செய்யறதுன்னு தெரியலை.

பழைய_கோல்கீப்பர்
2 செப்டம்பர் 2024, இரவு

அம்மா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஒன்றைச் சொல்கிறேன். அங்கே வந்து சேர்வது நாடு முழுவதும் சலித்து எடுத்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் அவள் ஊரில் முதல் பெயர். அவர்களுக்குக் கடைசி இடம் என்பது முதல் தடவை வாங்கும் அடி, எழுப்பிவிடும். உங்கள் பிள்ளை மைதானத்துக்கு வந்ததே பெரிய வெற்றி. மருந்து ஒன்றுதான், உடம்பு வேறு.

இன்னொன்று. பத்துப் பருவம் ஆண்களையும் பெண்களையும் ஒரே நேரத்தில் பழக்கியதில் தான் கற்றதை டாரன்ஸ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கூட்டமாக நிற்க வைத்துக் குறை சொன்னால், பையன்கள் ஒவ்வொருவனும் கோச் அடுத்தவனைத்தான் சொல்கிறார் என்று நினைப்பான். பெண்கள் ஒவ்வொருத்தியும் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அதனால் பெண்களுக்கு வீடியோ போடும்போது தவறுகளைக் கோத்துக் காட்டாமல், நன்றாக ஆடியதைத் தேடிப் பிடித்துக் காட்டுவாராம். சுவரில் தாள் ஒட்டிய அதே மனிதர்தான் இதையும் செய்தவர். தாளை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

வக்கீல்_மகள்
5 செப்டம்பர் 2024

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஒருவரும் தொடாத ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. டாரன்ஸின் வாழ்க்கையைப் பேசும் இடத்தில் அந்த வழக்கையும் பேசத்தான் வேண்டும்.

1998-இல் அவரிடம் ஆடிய இரண்டு பெண்கள் அவர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். அணியினரின் அந்தரங்க வாழ்க்கை பற்றிப் பாலியல் தொனியில் கேள்விகள் கேட்டார், அப்படிப்பட்ட பேச்சுகளில் கலந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. துன்புறுத்தல் எதுவும் நடக்கவில்லை என்று அவர் மறுத்தார். ஒரு பெண்ணின் வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்தது. மற்றொருவரின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது ஜூரி கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று திருப்பி அனுப்பியது. 2008-இல் 3,85,000 டாலருக்குச் சமரசம். ஆகவே விசாரணை நடந்து தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் பத்து ஆண்டு நீதிமன்றப் படி ஏறிய பெண்ணை இந்த இழையில் ஒரு வரிகூட இல்லாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. யார் களம் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது, யாருக்கு உதவித்தொகை, இவை எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. அந்த ஆள் கேட்கும் கேள்விக்குப் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அவர் வேடிக்கையாகக் கேட்டாரா என்பதைவிட, அவள் சிரிக்காமல் இருக்கத் துணிய முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேரி_அப்பா
5 செப்டம்பர் 2024

முதல் பதிவுலயே நான் எழுதியிருக்கணும். தெரியும், ஆனா ஓய்வு பெறுற நாள்ல வேண்டாம்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. நானும் ஒரு பெண்ணுக்கு அப்பன்.

மைதானப்புழுதி
6 செப்டம்பர் 2024

நான் கோப்பைக் கணக்குல சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். வக்கீல்_மகள் எழுதினதுக்கு அப்புறம் ஒண்ணு தேடிப் பார்த்தேன். 1982-லிருந்து போன வருஷம் வரைக்கும் இந்த என்சிஏஏ முதல் நிலைக் கோப்பையை ஜெயிச்ச தலைமைப் பயிற்சியாளர்கள்ல பெண்கள் நாலே பேர். 1998-ல் ஃபுளோரிடாவோட பெக்கி பர்லி, அதுவும் அணி தொடங்கி நாலாவது வருஷத்துல, டாரன்ஸோட அணியையே ஃபைனல்ல தோற்கடிச்சு. 2013-ல் யுசிஎல்ஏவோட அமாண்டா குரோம்வெல். 2015-ல் பென் ஸ்டேட்டோட எரிக்கா டம்பாக். 2022-ல் யுசிஎல்ஏவோட மார்கரீட் அவோசாசா. பெண்கள் விளையாட்டு, நாப்பது வருஷத்துக்கு மேல, நாலு பேர்.

அவர்கிட்ட ஆடினவங்க நிறைய பேர் பயிற்சியாளரா ஆனாங்க, அதையும் சொல்லணும். 1991 அணிக் கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் சாப்பல் ஹில் பெண்தான். 2000-ல் அமெரிக்கத் தேசிய அணிக்கு முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவங்கதான். இருந்தாலும் அந்த எண்ணிக்கை எனக்கு உறுத்துது.

கேரி_அப்பா
6 செப்டம்பர் 2024

2022 ஃபைனல் இங்க கேரியிலதான் நடந்தது. மகளைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சாப்பல் ஹில் 2-0 முன்னிலை. பத்து நிமிஷம்தான் பாக்கிங்கிறப்ப யுசிஎல்ஏ ஒண்ணு போட்டது. 16 விநாடி பாக்கி இருக்கும்போது கார்னர் பந்துல தலையால முட்டி ரெண்டாவது. கூடுதல் நேரத்துல மூணாவது. ஆட்டம் முடிஞ்சப்ப என் மகள் சாப்பல் ஹில்லோட நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே, அப்பா அந்த யுசிஎல்ஏ கோச்சுக்கு இதுதான் முதல் வருஷமாம்னு சொன்னா. அன்னிக்குத் தோத்ததை விட அதுதான் அவளுக்குப் பெருசா இருந்தது. பொம்பளை ஒருத்தங்க அந்த இடத்துல நிக்கிறதை அவ அவ்வளவு பக்கத்துல அன்னிக்குத்தான் பார்த்தா. அதுதான் டாரன்ஸோட கடைசி ஃபைனலும்.

பிஇடி_டீச்சர்
8 செப்டம்பர் 2024

வக்கீல்_மகள் மேடம் எழுதினதை எங்க வட்டாரத்து ஆசிரியர்கள் குழுவுல சொந்த வார்த்தையில எழுதிப் போட்டேன். நான் எந்தப் பிள்ளைகிட்டயும் தனியாப் பேசணும்னா மைதானத்து நடுவுல, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி நின்னுதான் பேசுவேன். வீட்டு விஷயம், உடம்பு விஷயம் எதுவும் நானாக் கேக்க மாட்டேன், அவங்களாச் சொன்னா கேட்டுக்குவேன். பெண் ஆசிரியைங்கிறதால எனக்கு அது வேண்டாம்னு நினைக்கலை.

சார்ட்டை வேற மாதிரி ஆக்கிட்டேன். இப்ப கதவுல இல்லை, ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்ன நோட்டு. போன வாரம் நீ எத்தனை, இந்த வாரம் எத்தனைன்னு மட்டும். அடுத்தவ எண்ணிக்கை அதுல கிடையாது. கேட்ட பிள்ளைங்களுக்காக நாலுக்கு நாலு ஆட்டத்துக்கு மட்டும் ஜெயிச்ச அணிப் பேரை எழுதுறோம்.

கேரி_அப்பா
8 செப்டம்பர் 2024

டீச்சர், இன்னொரு பழக்கம் சொல்ல விட்டுப்போச்சு. ஒவ்வொரு பருவத்துலயும் படிப்பு முடிச்சுப் போற கடைசி வருஷப் பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் டாரன்ஸ் கைப்பட ஒரு கடிதம் எழுதுவார். கடைசி ஆட்டத்துக்கு முன்னாடி அணி முழுக்க உட்கார்ந்திருக்க அதை வாசிப்பார். எத்தனை கோல் போட்டாங்கிறது அதுல இருக்காதாம். அவ எப்படிப்பட்ட மனுஷி, அவளால மத்தவங்களுக்கு என்ன கிடைச்சுதுங்கிறதுதான் இருக்குமாம். மத்தப் பிள்ளைங்க அவளுக்காக அன்னிக்கு ஓடணும்கிறதுக்காக. களத்துல ஒரு நிமிஷம் கூட இறங்காதவளுக்கும் கடிதம் உண்டு.

பழைய_கோல்கீப்பர்
8 செப்டம்பர் 2024, இரவு

எனக்கு அப்படி ஒரு கடிதம் ஒருவரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றும் வைத்திருப்பேன்.

கேரி_அப்பா
10 டிசம்பர் 2024

பழைய இழையைத் தூக்கி மேல கொண்டுவர்றேன். நேத்து ராத்திரி கேரியில ஃபைனல். சாப்பல் ஹில் 1, வேக் ஃபாரஸ்ட் 0. டாரன்ஸ் விலகினதும் இடைக்காலப் பொறுப்பு ஏத்துக்கிட்ட டேமன் நாஹாஸ், அவருக்குப் பல வருஷம் உதவியாளரா இருந்தவர், 22-வது என்சிஏஏ கோப்பையைத் தூக்கிட்டார். 2012-க்கு அப்புறம் முதல் தடவை. குளிர்ல கை விறைச்சுப் போச்சு, ஆனா ஒருத்தரும் எழுந்து போகலை.

மைதானப்புழுதி
10 டிசம்பர் 2024

இது யார் கணக்குல சேரும்?

பழைய_கோல்கீப்பர்
10 டிசம்பர் 2024

நாஹாஸ் கணக்கில், தம்பி. கோடைக்காலக் கடைசியில் அணியைக் கையில் வாங்கி டிசம்பரில் கோப்பையோடு நிற்பது சாதாரண வேலை இல்லை. அதை அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. நாற்றங்கால் போட்டவர் ஒருவர், நட்டு அறுத்தவர் ஒருவர். மூட்டை அறுத்தவர் வீட்டுக்குத்தான் போகும்.

வக்கீல்_மகள்
10 டிசம்பர் 2024

டீச்சர், அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் திரும்ப வந்தாளா? செப்டம்பரிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பிஇடி_டீச்சர்
11 டிசம்பர் 2024

இன்னும் வரலை மேடம். போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், அவகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும். அம்மா காபி போட்டுக் கொடுத்தாங்க. அவ பேசலை. நான் எழுதிட்டுப் போன கடிதத்தைக் கையில கொடுத்தேன். நம்ம மைதானத்துல தண்ணி குடம் காலியானா முதல்ல எடுத்துட்டுப் போய் நிரப்பிட்டு வர்றது அவதான்னும், புதுசா வர்ற சின்னப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது அவதான்னும் எழுதியிருந்தேன். அவ பேர் முதல்ல இருந்த பட்டியல் அதுதான், நான்தான் அதை எழுதி ஒட்டலை. கிளம்பும்போது, அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் மிஸ்ஸுன்னு அவ அம்மா சொன்னாங்க.

பன்னிரண்டாவது பிள்ளைங்க நாலு பேருக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சிருக்கேன். மூணு முடிஞ்சுது. நாலாவது எங்க கோல்கீப்பர். ஐயா, கோல்கீப்பருக்கு என்ன எழுதினா பிடிக்கும்?

பழைய_கோல்கீப்பர்
11 டிசம்பர் 2024, இரவு

விட்ட கோலைப் பற்றி எழுதாதீர்கள் அம்மா, அது அவளுக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கும். அவள் பின்னால் இருக்கிறாள் என்ற தைரியத்தில் முன்னால் நின்றவர்கள் எவ்வளவு மேலேறி ஆடினார்கள் என்று எழுதுங்கள். அவள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.